பிளாஸ்டிக் கூம்பு ஃபெர்மென்டர்: எதைப் பார்த்து வாங்குவது, அடி வால்வை எப்படிக் கையாள்வது?

வீட்டில் பீர் நொதிக்க வைக்கும், அடிப்பகுதி கூம்பாகக் குறுகிய கலன்தான் இது. 20 லிட்டர் பீருக்கு 27 முதல் 30 லிட்டர் கொள்ளளவு வேண்டும். நுரை எழும்ப இடமில்லாவிட்டால் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) வழியாகப் பொங்கிவிடும். கூம்பின் உள்கோணம் 60 பாகை அளவில் இருந்தால் ஈஸ்ட் வழுக்கி இறங்கும். தட்டையான கூம்பில் சுவரிலேயே அப்பிக்கொள்ளும். எச்.டி.பி.இ. என்ற மங்கலான பிளாஸ்டிக்கைவிட, தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் ஆக்சிஜன் குறைவாகவே ஊடுருவும், உள்ளே நடப்பதும் தெரியும். ஆனால் பெட்டில் கொதிநீர் ஊற்றினால் உருக்குலைந்துவிடும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாடை கெடும், துணியால் மூடுங்கள்.

பலரும் தடுமாறுவது அடி வால்வில்தான். மண்டியைச் சேகரிக்க வால்வுக்குக் கீழே காலி பாட்டிலை மாட்டி வால்வைத் திறந்தால், அதிலுள்ள காற்று முழுவதும் குபுகுபுவென்று பீருக்குள் ஏறும். மண்டி கலங்கும், ஆக்சிஜனும் சேரும். அதனால் முதலிலேயே பாட்டிலை மாட்டி, வால்வைத் திறந்தபடி வோர்ட்டை (நொதிக்காத மால்ட் சாற்றை) ஊற்றுங்கள். நொதித்தல் முடிந்தபின் மறுபடி மாட்டுவதானால் பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, மெதுவாகத் திறங்கள். பாட்டில் இல்லாமல் நேரடியாக மண்டியை வடிப்பவர்களும் அவசரப்படக் கூடாது: சடாரென்று திறந்தால் நடுவில் துளை விழுந்து பீர் வெளியேறும், ஈஸ்ட் சுற்றிலும் அப்படியே நிற்கும்.

கழுவும்போது வால்வைக் கழற்றியே கழுவுங்கள்; வாஷர் இடுக்கில்தான் கிருமி தங்கும். முரட்டு பிரஷ் வேண்டாம், கீறல் விழுந்தால் சானிடைசரும் உதவாது. மாட்டியபின் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு கசிவு பாருங்கள். அழுத்தத்தில் நொதிக்க வைப்பது, அழுத்த அளவு பொறித்த கலனில் மட்டும், மிகை அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் ரிலீஃப் வால்வோடு.