டபுள் பேஸ் கற்க ஆசையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல வருடமாக பேஸ் கிடார் வாசிக்கிறேன். நாற்பது வயதில் டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தைப் போன்ற, ஆளுயரத் தந்தி வாத்தியம்; சுருக்கமாக பேஸ்) கற்க ஆசை வந்திருக்கிறது. டொராண்டோவில் ஆசிரியரை எங்கே தேடுவது?

பதில்: விளம்பரங்களில் தேடுவதைவிட, மேடையில் தேடுங்கள். சிம்பொனி இசைக்குழுக்களில் பேஸ் வரிசையில் நிற்பவர்களில் பலர் தனியாகவும் பாடம் எடுப்பார்கள். முதல் இடத்தில் இருப்பவருக்கு நேரம் இருக்காது; பின்வரிசைக்காரரைக் கேளுங்கள். ராயல் கன்சர்வேட்டரி என்ற இசைப்பள்ளியும் பல்கலைக்கழக இசைத்துறையும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. அங்கே இடம் கிடைக்காவிட்டாலும், பாடம் எடுக்கக்கூடிய மூத்த மாணவர் ஒருவரின் பெயரையாவது கேட்டு வாங்கலாம். இன்னொரு நல்ல வழி, பேஸ் பழுதுபார்க்கும் கடை. ஊரில் யார் யார் வாசிக்கிறார்கள், யார் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதெல்லாம் கடைக்காரருக்கு அத்துப்படி.

கிடாரிலிருந்து வருவதில் ஒரு லாபம் உண்டு. ஈ, ஏ, டி, ஜி என்ற சுருதி அமைப்பு இங்கேயும் அதேதான். ஆனால் இடது கைப் பழக்கத்தை மாற்றியாக வேண்டும். தந்தியின் நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். கிடாரில் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் உள்ள குறுக்குக் கட்டைக்கு) ஒரு விரல் என்ற கணக்கு இங்கே கையை இறுக்கிவிடும். வியன்னாவில் 19ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் சிமாண்டில் வகுத்த முறையில், கீழ் நிலைகளில் (கழுத்தின் மேல்முனைப் பக்கம், தாழ்ந்த ஸ்வரங்களில்) ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும்தான் ஸ்வரம் பிடிக்கும். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை. பெரும்பாலான ஆசிரியர்கள் இன்றும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதல் பாடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்வரத்துக்குப் போகும் முன் வாத்தியத்தின் அடிக்கம்பி (அடியில் தரையில் ஊன்றும் கம்பி) உயரத்தை ஆசிரியர் பார்க்கிறாரா? நல்ல ஆசிரியர் உங்களை பேஸோடு நிற்கவைத்து, வலது கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்வார். ஃபிங்கர்போர்டு (விரல் வைக்கும் பலகை) முடியும் இடத்துக்கும் பிரிட்ஜுக்கும் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) நடுவில் வில் ஓட வேண்டும். அந்த இடம் உடம்பை வளைக்காமல் கைக்கு எட்ட வேண்டும். குனிந்தால்தான் எட்டுகிறது என்றால் அடிக்கம்பியை நீட்டுவார், தோள் தூக்கிக்கொண்டால் குறைப்பார். இதற்கு நேரம் ஒதுக்குகிறவரிடம் தயங்காமல் சேருங்கள். இதைத் தொடாமலே பாட்டுக்குப் போகிறவரிடம் முதுகுவலிதான் மிஞ்சும்.

அப்புறம், கனடாவில் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று, எந்தச் சுருதி அமைப்பு என்பது: டொராண்டோ சிம்பொனியில் முதன்மை பேஸ் கலைஞராக இருந்த ஜோயல் குவாரிங்டன், செல்லோ மாதிரி சி, ஜி, டி, ஏ என்று சுருதி சேர்ப்பவர். அந்த வழியில் வந்த ஆசிரியர் உங்களுக்குக் கிடைக்கலாம். அருமையான முறைதான். ஆனால் உங்கள் கிடார் அனுபவம் அதில் அவ்வளவாக உதவாது.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. பேஸ் வேண்டும் என்கிறாள். வளரட்டும், அதுவரை செல்லோ கற்கட்டும் என்கிறார்கள். சரியா?

பதில்: காத்திருக்க வேண்டாம். கால் (1/4) அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் பேஸ்கள் கிடைக்கின்றன. பிரிட்டனில் ராட்னி ஸ்லாட்ஃபோர்டும் அமெரிக்காவில் ஜார்ஜ் வான்ஸும் குழந்தைகளைச் சின்ன பேஸிலேயே தொடங்கவைத்து, அதற்கான பாடங்களையும் உருவாக்கினார்கள். விலைக்கு வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். குழந்தை வளர வளர அளவு மாறும். பெரியவர்களே முக்கால் அளவு பேஸைத்தான் வாசிக்கிறார்கள் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள், உற்சாகமாக இருக்கும்.

கேள்வி: எந்தப் பயிற்சிப் பட்டறைக்குப் போகலாம்? செலவுக்குப் பலன் உண்டா?

பதில்: வாராவாரம் பாடம் எடுப்பவர் ஒருவர் இருந்தால் பலன் உண்டு. இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் கேட்ட பத்து ஆலோசனைகளில் எது உங்களுக்கு என்று தெரியாமல் வீடு திரும்புவீர்கள். பெரிய கூட்டம் என்றால் சர்வதேச பேஸ் கலைஞர்கள் சங்கத்தின் மாநாடு. பேஸ் கலைஞர் கேரி கார் 1967இல் தொடங்கிய சங்கம் இது. அமெரிக்காவில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூடுகிறார்கள். இளம் மாணவர்களுக்கு, விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் பேஸ் கலைஞர் ரிச்சர்ட் டேவிஸ் தொடங்கிய அறக்கட்டளையின் முகாமை முதலில் சொல்வேன். இங்கிலாந்தில் இருக்கும் பெரியவர்கள், தங்கிப் படிக்கும் வகுப்புகளுக்கு ஹிட்சின் ஊரில் உள்ள பென்ஸ்லோ மியூசிக் நிறுவனத்தைப் பாருங்கள். வாத்தியங்களை இரவல் தரும் திட்டமும் அவர்களிடம் இருக்கிறது.

எங்கே போனாலும் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். அங்கே பேஸ் தருவார்களா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா? விமானத்தில் பேஸ் கொண்டுபோவது பெரும் செலவு. இரண்டாவது, எல்லோருக்கும் வாசிக்க வாய்ப்பு உண்டா, பார்வையாளராக உட்காரத்தான் இடமா? பார்வையாளர் இடம் மலிவு. தொடக்க நிலையில் அதுவே நல்லது.

கேள்வி: ஜாஸ் மட்டும் போதும் எனக்கு. வில் பழக வேண்டுமா? ஃபிரெஞ்சு வில்லா, ஜெர்மன் வில்லா?

பதில்: பழகுங்கள். விரலால் மீட்டும்போது ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடும், பிசகினால் தெரியாது. வில் போட்டால் உடனே காட்டிக்கொடுக்கும். பால் சேம்பர்ஸ் ஜாஸில் வில்லாலேயே தனி ஆவர்த்தனம் செய்தவர். ஃபிரெஞ்சு வில்லை மேலிருந்து பிடிப்பார்கள், ஜெர்மன் வில்லைக் கீழிருந்து. எந்த வில் என்பதில் உங்கள் ஆசிரியர் பிடிப்பதே உங்களுக்கும்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். ஆன்லைன் பாடம் மட்டும் போதுமா?

பதில்: ஜெஃப் சால்மர்ஸ் நடத்தும் டிஸ்கவர் டபுள் பேஸ் தளத்தில் பாடங்கள் ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. தொடங்க அது போதும். கூடவே மாதம் ஒரு முறையாவது வீடியோ அழைப்பில் ஒருவரிடம் காட்டுங்கள். கேமராவை முன்னால் வைக்காமல் வலது தோள் பக்கம் வையுங்கள், வில் பிரிட்ஜுக்கு இணையாகப் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும். மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவின் கச்சேரிகளுக்கு வெளிநாட்டுக் கலைஞர்கள் பலர் வந்து வாசிக்கிறார்கள். கச்சேரிக் காலம் அறிவித்ததும் அலுவலகத்துக்கு எழுதி, பேஸ் வாசிப்பவர் யாராவது ஒரு மணி நேரம் தருவாரா என்று கேளுங்கள். ரயில் டிக்கெட்டைப் பதில் வந்தபிறகு எடுத்தால் போதும்.