லேயர் பண்ணை (முட்டைக்கோழி பண்ணை) ஆளுங்க பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன் (நாமக்கல், சூப்பர்வைசர் வேலை)

கேள்வி: அண்ணே, கூலி ஏத்தி குடுத்தும் ஆளுங்க ரெண்டு மாசத்துல ஓடிடுறாங்க, ஏன்?

பதில்: தங்குற ரூமை போய் பாத்தீங்களா? தீவன மூட்டை அடுக்குற குடோன்ல ஒரு மூலைய ஒதுக்கி குடுத்தா எவன் நிப்பான். அடுத்தது லீவு. கோழி தீபாவளிக்கும் முட்டை போடும், அதனால நம்ம ஆளுக்கு லீவே இல்லாம போயிடுது. ஒரு ஆளை கூடுதலா போட்டு மாத்தி மாத்தி வாரத்துல ஒரு நாள் விடுங்க. ஒடிசா, பீகார் பசங்க ஊருக்கு போனா திரும்பி வர்றதே இதை வச்சுதான்.

கேள்வி: தமிழ் தெரியாத பசங்களுக்கு வேலை எப்படி பழக்குறது?

பதில்: பழைய ஆள் கூட ஒரு வாரம் சுத்த விடுங்க. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லாம ஏன்னும் சொல்லிடணும். எங்க பண்ணையில ஒரு பையன், நல்லா வேலை செய்வான், லாசோட்டாங்குற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை தண்ணில கலந்து குடுக்குற அன்னிக்கு காலையிலதான் டேங்க்கை பிளீச்சிங் போட்டு பளபளன்னு கழுவி வச்சிருந்தான், குளோரின் பட்டா தடுப்பு மருந்து செத்துடும்னு அவனுக்கு யாரும் சொல்லல, மொத்த மருந்தும் வீண். ஓனர் அவனைத்தான் திட்டுனாரு. தப்பு என்னோடது, நாந்தான் சொல்லியிருக்கணும்.

கேள்வி: முட்டை எண்ணிக்கைக்கு இன்சென்டிவ் குடுக்கலாமா சார்?

பதில்: நான் குடுக்க மாட்டேன். காசை எண்ணிக்கையோட சேத்தா ஆளுங்க மறைக்கத்தான் பாப்பாங்க. உடைஞ்சதுக்கு காசு பிடிச்சா உடைஞ்ச முட்டை கூண்டுக்கு கீழ எருவுக்குள்ள போயிடும், செத்த கோழிக்கு திட்டுனா கணக்கே வராது, நோய் வந்தது நமக்கு லேட்டாதான் தெரியும். அதுக்கு பதிலா ஷெட் வாசல்ல கரும்பலகை வச்சு தினம் எழுதுங்க: 10,000 கோழி, 9,000 முட்டை, 90 சதவீதம். நேத்து 91, இன்னிக்கு 88ன்னா அவனே கோழி தண்ணி குடிக்குற நிப்பிள்ல தண்ணி வருதான்னு பாக்க ஓடுவான்.

கேள்வி: ஷெட்டுக்குள்ள வேலை பாத்தா கண்ணு எரியுது, மாஸ்க் போட்டா போதுமா?

பதில்: துணி மாஸ்க் தூசிக்குத்தாம்மா, எருலருந்து வர்ற அம்மோனியா வாயுவை தடுக்காது. எரு காஞ்சு இருந்தா நெடி குறையும், ஒழுகுற நிப்பிளை மாத்த சொல்லுங்க. உள்ளயே கிடக்குற எங்களுக்கு மூக்கு பழகிடும், புதுசா வந்தவங்க எரியுதுன்னா அதை நம்பணும். முட்டை தூக்குறதுக்கும் ட்ராலி கேளுங்க, 210 முட்டை பெட்டி 12 கிலோ வரும், அதை நாள் பூரா தூக்குனா இடுப்பு போயிடும்.

கேள்வி: ரூம்கிட்ட நாலு நாட்டுக்கோழி வளக்கணும்னு கேக்குறாங்க, விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், அதுலருந்து வெள்ளைக்கழிச்சல் அவன் கால் வழியாவே ஷெட்டுக்குள்ள வரும். ஆனா வேண்டாம்னு சொன்ன கையோட வாரம் ஒரு அட்டை முட்டை சும்மா குடுத்துடுங்க.