உயிரோடு உள்ளே போகிறதா? – வயிறு பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற முறை நெஞ்செரிச்சல் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடைசியில் தயிரில்தான் வந்து நின்றன. அதனால் இந்த முறை முழுக்க புரோபயாடிக் உணவுகள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், கடையில் 'புரோபயாடிக்' என்று எழுதிய தயிரைத் தனியாக விற்கிறார்கள். அப்படியானால் நான் வீட்டில் உறை ஊற்றுகிற தயிரில் அது இல்லையா?

பதில்: நல்ல கிருமிகள் உங்கள் தயிரிலும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வித்தியாசம் பெயரில் இருக்கிறது. 2001-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது: நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவு உள்ளே போக வேண்டும், போனபின் உடம்புக்கு நன்மை செய்ய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் புரோபயாடிக். வீட்டுத் தயிரில் முதலாவது நிச்சயம் உண்டு. ஆனால் உங்கள் உறைமோரில் எந்த வகைக் கிருமி, எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, அதனால் கறாராகப் பேசுகிறவர்கள் அதை 'உயிருள்ள புளித்த உணவு' என்றுதான் சொல்வார்கள். சாப்பிடுகிற நமக்கு அந்தப் பெயர்ச் சண்டை அவ்வளவு முக்கியமில்லை. வீட்டுத் தயிர் கிடைக்கிறதென்றால் அதையே சாப்பிடுங்கள்.

கடையில் வாங்குவதாக இருந்தால் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். கிருமியின் முழுப்பெயர், வகையின் எண்ணோ குறியீடோ உட்பட இருக்க வேண்டும். காலாவதி நாள் வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்று சொன்னால் இன்னும் நல்லது. அப்புறம் சர்க்கரை. பழச்சுவை சேர்த்த சில கப்களில் இருக்கும் சர்க்கரையைப் பார்த்தால் அது தயிரா மிட்டாயா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

கேள்வி: தயிரைச் சமையலில் ஊற்றிக் கொதிக்க வைத்தால் பலன் போய்விடுமா? புளித்த தயிரைவிடப் புதுத் தயிர்தான் நல்லதா?

பதில்: கொதித்தால் போய்விடும். தயிர்க் கிருமிகளுக்குப் பிடித்த சூடு 42 டிகிரி செல்சியஸை ஒட்டி. கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். 60 டிகிரியைத் தாண்டி நின்றாலே பெரும்பாலானவை செத்துவிடும். புளித்த மாவில் செய்து வேகவைக்கும் எல்லாப் பண்டத்துக்கும், புளித்த மாவு ரொட்டிக்கும் இதே கதைதான். அதற்காக அவற்றை வீண் என்று தள்ள வேண்டாம். சாவதற்கு முன் அந்தக் கிருமிகள் பாதி வேலையை நமக்காகச் செய்து வைத்துவிடுகின்றன: தானியத்தில் இரும்பு, துத்தநாகத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது, மாவு எளிதாகச் செரிக்கிறது. புளித்த உணவின் நன்மை கிடைக்கும், உயிருள்ள கிருமி கிடைக்காது, அவ்வளவுதான்.

மிசோ (ஜப்பானியர்களின் புளித்த சோயா விழுது) சேர்க்கும் சூப்பில் அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பிறகு கரையுங்கள். சீஸ் வாங்கினால் செடார், கௌடா போன்ற, நாள்பட முதிர வைத்த வகைகளில் கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு, உருக்கித் தயாரிக்கும் பதப்படுத்திய சீஸில் அதை எதிர்பார்க்காதீர்கள். தயிர் புளித்தது, புளிக்காதது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புளிப்பு கூடினால் அமிலம் கூடியிருக்கிறது என்று அர்த்தம், ஃப்ரிட்ஜில் நாள் ஆக ஆக உயிரோடிருக்கும் எண்ணிக்கை மெல்லக் குறையும். நிறம் மாறினாலோ பூசணம் பிடித்தாலோ மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், மேலாக வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: பாட்டிலில் வரும் வினிகர் காய்கள் புளிப்பாகத்தானே இருக்கின்றன, அவையும் இதே கணக்கில் சேருமா?

பதில்: சேராது. அங்கே புளிப்பு வெளியிலிருந்து ஊற்றியது, காயிலுள்ள கிருமி உண்டாக்கியது இல்லை. காயை உப்பில் புளிக்க வைப்பது வேறு. ஒரு கிலோ முட்டைக்கோஸை மெல்லியதாக நறுக்கி 20 கிராம் உப்பு போட்டுக் கையால் நன்றாகப் பிசைந்தால் அதிலிருந்தே தண்ணீர் விடும். கண்ணாடி ஜாடியில் அழுத்தி, காய் முழுதும் அந்த நீருக்குள் மூழ்கியபடி வையுங்கள். கேஸ் வெளியேற வேண்டும், மூடியை இறுக்கிவிடாதீர்கள். முட்டைக்கோஸ் இலையிலேயே இருக்கும் லாக்டிக் அமிலக் கிருமிகள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெயில் காலத்தில் நாலைந்து நாளிலேயே புளிப்பு தெரியும், இரண்டு மூன்று வாரம் விட்டால் இன்னும் ஆழமாக இருக்கும். கடையில் இதையே டின்னில் வாங்கினால் சூடாக்கி அடைத்திருப்பார்கள், ஃப்ரிட்ஜ் அலமாரியில் இருப்பதைப் பாருங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கிம்ச்சியும் (கொரியர்களின் காரமான புளித்த முட்டைக்கோஸ்) மிசோவும் அதில் கணிசமாக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: தயிர் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்களாமே?

பதில்: இல்லை. நீங்கள் சொல்வது விஞ்ஞானி இலியா மெச்னிக்கோவை. அவருக்கு 1908-ல் நோபல் கிடைத்தது நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக. தயிரும் புளித்த பாலும் முதுமையைத் தள்ளிப்போடும் என்பது அவருடைய நம்பிக்கை, அவரே தினமும் குடித்தார். 71 வயதில் காலமானார். ஆனால் குடலில் வாழும் கிருமிகளால் உடல்நலம் மாறும் என்று அவ்வளவு முன்பே யோசித்தாரே, அதற்காக எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

கேள்வி: ஒரு மாதமாகத் தினமும் இரண்டு கப் தயிர் சாப்பிடுகிறேன். மலச்சிக்கல் அப்படியே இருக்கிறது. எனக்கு மட்டும் வேலை செய்யவில்லையா?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை. இப்படி எழுதியவர்கள் பதினோரு பேர், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தயிரில் நார்ச்சத்து கிடையாது. மலம் இளகி வெளியே வர நார்ச்சத்தும் தண்ணீரும் நடையும் வேண்டும். இன்னொன்று, நாம் சாப்பிடும் கிருமிகளில் பெரும்பாலானவை குடலில் குடியேறுவதில்லை, இரண்டு மூன்று நாள் தங்கிப் போய்விடும். அங்கே ஏற்கெனவே நிரந்தரமாகக் குடியிருக்கிற கூட்டம் ஏறத்தாழ 38 லட்சம் கோடி, நம் உடம்பின் சொந்த செல்களைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு என்ன தெரியுமா? நாம் செரிக்க முடியாமல் கீழே அனுப்புகிற நார்தான். அதைத் தின்றுவிட்டு அவை ப்யூட்ரேட் என்கிற ஒன்றைத் தயாரிக்கின்றன, பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். தயிரை மட்டும் கூட்டிவிட்டு வெள்ளை மாவும் சர்க்கரையுமாகச் சாப்பிட்டால் அவை பட்டினி கிடக்கும்.

2021-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 36 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 10 வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குப் புளித்த உணவு, இன்னொன்றுக்கு நார்ச்சத்து. புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் கிருமிகளின் வகை கூடியது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. ஆனால் அவர்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6 பங்கு சாப்பிட்டார்கள், அதுவும் தயிர் மட்டும் இல்லை, கெஃபிர் (புளித்த பால் பானம்), கிம்ச்சி, கொம்புச்சா (புளித்த தேநீர்), காய் புளித்த நீர் என்று கலந்து. சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லோருக்கும் சட்டம் போட முடியாது. நான் அதில் எடுத்துக்கொள்வது, ஒரே பொருளை அதிகமாகச் சாப்பிடுவதைவிடப் பலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்பதை.

உங்கள் விஷயத்தில், இரண்டு கப் தயிரை ஒன்றாக்குங்கள். மீதி இடத்தில் பயறு, பருப்பு, வாழைப்பழம், வெங்காயம், பூண்டு, தோலோடு பழங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் திடீரென்று மலப்பழக்கம் மாறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு கடமுடாவென்று போகிறது. தயிரும் கூடாதா?

பதில்: பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பாலிலுள்ள லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமிகள் முன்பே தின்றுவிடுகின்றன, மீதியைக் குடலில் உடைக்கவும் உதவுகின்றன. இந்த ஒரு நன்மையை மட்டும் ஐரோப்பாவில் லேபிளிலேயே எழுத அனுமதித்திருக்கிறார்கள், ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடி கிருமிகள் உயிரோடு இருந்தால். இரண்டு ஸ்பூனில் ஆரம்பியுங்கள். பால் அலர்ஜி என்பது வேறு நோய், அது உள்ளவர்கள் தயிரையும் தொடக் கூடாது.

கேள்வி: ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது தயிர் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம், ஆனால் மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்றவற்றைத் தயிரிலுள்ள கால்சியம் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. எத்தனை மணி நேர இடைவெளி என்று மருந்து எழுதியவரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு வாங்குங்கள். ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சில குறிப்பிட்ட புரோபயாடிக் வகைகள், முக்கியமாக சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட், பலன் தந்திருக்கின்றன. அது உணவில் கிடைக்காது, மருந்தாகத்தான் வரும், டாக்டர் சொன்னால் மட்டும்.

கேள்வி: அப்பாவுக்குக் கீமோதெரபி நடக்கிறது மேடம். தெம்பு வரட்டும் என்று புரோபயாடிக் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் அம்மா. நமக்கு நல்லது செய்கிற அதே கிருமி, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் உடம்பில் அபூர்வமாக ரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடும், ரத்தநாளத்தில் குழாய் போட்டிருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். வீட்டில் புளிக்க வைத்த காயும் இப்போது வேண்டாம். கடையில் வாங்கும், காய்ச்சிய பாலில் செய்த தயிரைச் சில மருத்துவர்கள் அனுமதிப்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள், அது அப்பாவின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எத்தனை என்பதைப் பொறுத்தது. அடுத்த முறை போகும்போது மாத்திரைப் பெட்டியையே கையில் எடுத்துப் போய்ப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை பிரிக்காமல் வையுங்கள்.