பெட்டி ஒன்று, ஆள் நான்கு

கேள்வி: கல்லூரி விடுதியில் நாங்கள் நான்கு பேர் விடிய விடிய வீடியோ கேம் ஆடுவோம். இப்போது வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு பக்கம். நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கினால் பழைய ஜமா சேருமா? இல்லை, பிளேஸ்டேஷன் 5 நல்லதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: சேரும், மற்ற மூன்று பேரை மனதில் வைத்து வாங்கினால். எது நல்லது என்று கேட்ட நீங்கள், நால்வரும் ஒரே ஊரில்தான் இருக்கிறீர்களா என்று எழுதவில்லை. முடிவு அதைப் பொறுத்தது.

ஒரே ஊர் என்றால் ஸ்விட்ச் 2. பெட்டியோடு வரும் ஜாய்-கான் 2 என்ற கன்ட்ரோலர் ஜோடியைப் பிரித்துக் குறுக்காகப் பிடித்தாலே இரண்டு பேர் ஆடலாம். எல்லா ஆட்டங்களும் அந்தப் பிடிக்கு ஒத்துவராது. மரியோ கார்ட் வேர்ல்டு என்ற பந்தய ஆட்டம் ஒத்துவரும். அதில் ஒரே டிவியை நான்காகப் பிரித்து நால்வரும் ஓட்டலாம், இன்னொரு ஜோடி ஜாய்-கான் இருந்தால். 2017-இல் வந்த பழைய ஸ்விட்ச் நண்பர் யாரிடமாவது தூசி படிந்து கிடந்தால் அதன் ஜாய்-கானையும் வயரில்லாமல் இணைக்கலாம். ஆனால் புதியது காந்தத்தில் ஒட்டுகிறது, பழையது பள்ளத்தில் செருகுவது. அதனால் பழையதைப் புதுப் பெட்டியில் மாட்டிச் சார்ஜ் போட முடியாது. வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கேம்ஷேர் என்றொரு வசதியும் இருக்கிறது. ஒருவர் வாங்கிய ஆட்டத்தை அதே அறையில் இருக்கும் மற்றவர்கள் தங்கள் கருவியில் ஆடலாம். தொடங்குபவரிடம் ஸ்விட்ச் 2 இருக்க வேண்டும். சேருபவரிடம் பழைய ஸ்விட்ச் இருந்தாலும் போதும். எல்லா ஆட்டத்துக்கும் இது கிடையாது, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் வேறு வேறு என்றால், உங்கள் வீட்டுக்கு வரும் புதுப் பெட்டியால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. மூவரிடமும் ஏற்கெனவே இருப்பது என்ன என்று முதலில் கேளுங்கள். ராக்கெட் லீக், ஃபோர்ட்நைட் இரண்டும் இலவசம். ஒருவர் கணினியிலும் ஒருவர் பிளேஸ்டேஷனிலும் இருந்தபடியே சேர்ந்து ஆடலாம். இலவச ஆட்டங்களுக்குப் பிளேஸ்டேஷனின் பிஎஸ் பிளஸ் சந்தா தேவையில்லை. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை ஆன்லைனில் சேர்ந்து ஆடத்தான் பெரும்பாலும் அது வேண்டும். ஸ்பிளிட் ஃபிக்‌ஷனை ஒருவர் வாங்கினால் இன்னொருவர் இலவசமாகச் சேரலாம். ஆனால் அது இருவர் ஆட்டம், மீதி இருவர் முகம் சுளிப்பார்கள்.

இனி, ஜமா எதனால் கலைகிறது என்பதைச் சொல்கிறேன். பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே கலைந்துவிடும். ஏழு மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு திரையில் அப்டேட் ஓடும். ஆளுக்கொரு போனை எடுத்தால் கதை முடிந்தது. கன்சோல், ஆட்டம், கன்ட்ரோலர் மூன்றின் அப்டேட்டையும் முந்தின இரவே முடித்துவிடுங்கள். பிஎஸ்5-இல் டிஸ்க் போட்டவுடன் ஆட முடியாது, ஆட்டம் உள்ளே பதிவாகி முடிய வேண்டும். ஸ்விட்ச் 2-க்குக் கேம்-கீ கார்டு என்று விற்பவற்றில் ஆட்டமே இருக்காது, திறவுகோல் மட்டும்தான்; ஆட்டத்தை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். ஸ்விட்ச் 2-க்குள் இருக்கும் சேமிப்பிடம் 256 ஜிபி. அது நிரம்பினால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் போட வேண்டும். போனில் கிடக்கும் சாதாரணக் கார்டில் ஆட்டம் ஏறாது.

டிவியில் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால், படத்தை அழகாக்க டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் அழுத்திய பட்டன் தாமதமாகத் திரையில் தெரியும். தோற்றவன் அதைத்தான் காரணம் சொல்வான், பாதி நேரம் அது உண்மையும்கூட.

கால்பந்து ஆட்டம் என்றால் ஒரு பாதியை நான்கு நிமிடமாகக் குறையுங்கள். இருவர் ஆட இருவர் வேடிக்கை பார்ப்பதைவிட, இரண்டுக்கு இரண்டு அணியாகப் பிரிந்து நால்வரும் ஆடுவது நல்லது. உங்களில் கெட்டிக்காரரையும் கத்துக்குட்டியையும் ஒரே அணியில் போடுங்கள். ஒருவரே ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால் ஆறாவதுக்கு ஆள் இருக்காது.

ஸ்விட்ச் 2-ஐ இறக்குமதிக் கடையில் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. ஜப்பானுக்கென்றே 49,980 யென்னுக்கு ஒரு மலிவுப் பதிப்பு 2025-இல் வந்தது. அதில் ஜப்பானிய மொழி மட்டும்தான் உண்டு. ஜப்பான் நாட்டைக் குறிப்பிட்ட நின்டெண்டோ கணக்குகளை மட்டுமே இணைக்க முடியும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், எந்தப் பதிப்பு என்று பெட்டியைத் திறக்கும் முன் கேளுங்கள்.

கடைசியாக, அந்த இரண்டாவது ஜோடி ஜாய்-கானை நீங்கள் வாங்காதீர்கள். நண்பர் ஒருவர் தலையில் கட்டி, உங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கொடுத்த காசுக்காவது அடுத்த சனிக்கிழமை வருவார்.