பிரசவம் பார்க்கக் கற்பதற்கு வி.ஆர். கருவி போதுமா?

மகள் படிக்கும் நர்சிங் கல்லூரியில் வி.ஆர். கருவி (தலையில் மாட்டினால் பிரசவ அறையே கண்முன் நிஜம்போலத் தெரியும் திரை) வாங்கியிருக்கிறார்கள், அதை மாட்டிக்கொண்டு பிரசவம் பார்க்கக் கற்றுவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகள் லேபர் வார்டில் இருந்துவிட்டு இப்போது பாடம் எடுக்கிறேன். எங்களிடமும் அது இருக்கிறது. எதன்பின் எது செய்வது என்று கற்கலாம், கை பழகாது.

வார்டில் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு அதிகமானால் மாணவிக்கு முதலில் கிடைப்பது "தள்ளி நில்லும்மா" என்ற அதட்டல்தான். அது நியாயமும்கூட. ஆனால் அதனாலேயே, அந்த நெருக்கடியை ஒருமுறைகூடத் தானாகக் கையாளாமல் படிப்பை முடித்துவிடுகிறார்கள். கருவிக்குள் அவளைத் தள்ளிவிட ஆள் இல்லை. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு, கருப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் மருந்தை 10 யூனிட் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். போன ஆண்டு கருவிக்குள் ஒரு மாணவி குழந்தையைத் துடைக்கும் மும்முரத்தில் அதை மறந்தேவிட்டாள். தாயின் இடுப்புக்கடியில் இரத்தம் தேங்கியதையும் பார்க்கவில்லை. கருவியைக் கழற்றியபோது அவள் கை நடுங்கியது. இப்போது வார்டில் அவள் முதலில் தூக்கிப் பார்ப்பது விரிப்பைத்தான்.

கை விஷயம் வேறு. நச்சுக்கொடி வந்தபின் வயிற்றில் கை வைத்தால் கருப்பை கல் போல இறுகியிருக்க வேண்டும். பிசைந்த மாவு போலக் கொழகொழவென்று இருந்தால் ஆபத்து. அந்த வித்தியாசத்தை எந்தத் திரையும் விரலுக்குச் சொல்லாது. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் மேடம் டு கூத்ரே என்ற மருத்துவச்சி துணிப்பொம்மை செய்து, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

இன்று அந்த இடத்தில் மாமா நேட்டலி இருக்கிறது (பெயரில்தான் மாமா, ஆள் அம்மா). ஆசிரியர் வயிற்றில் கட்டிக்கொள்ளும் பொம்மை அது. கருப்பையை இறுகவும் தளரவும் வைக்கலாம், போலி இரத்தமும் விடலாம். நான் அதைக் கட்டிக்கொண்டு "ஐயோ அம்மா" என்று கத்தினால் கையுறை போடவே மறந்துவிடுகிறார்கள். கருவிக்குள் இருக்கும் தாயோ இங்கிலீஷில் மென்மையாக முனகுகிறாள். எங்கள் வார்டில் அப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

கல்லூரியில் வேறு எதையும் கேட்க வேண்டாம். அறுபது பேருக்கு எத்தனை கருவி, பொம்மைப் பயிற்சி தொடர்கிறதா, இரண்டை மட்டும் கேளுங்கள். மகளிடம் கொண்டையைக் கொஞ்சம் கீழே போடச் சொல்லுங்கள். உச்சிக்கொண்டையில் அந்தப் பட்டை நிற்காது.