அடங்காமல் நீளும் பதற்றம்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பல, ‘டென்ஷனை எப்படி ஒழிப்பது?’ என்றே தொடங்குகின்றன. அதை ஒழிக்க வேண்டியதில்லை. ஆபத்து நேரத்தில் இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்து, தசைகளுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி நம்மைக் காப்பாற்றுவதும் அதே ஏற்பாடுதான். காரியம் முடிந்த பிறகும் அது அடங்காமல் மாதக்கணக்கில் நீள்வதே உடலைக் கெடுக்கிறது.

கேள்வி: படுத்தவுடன் உறங்கிவிடுகிறேன். ஆனால் பின்னிரவு மூன்று மணிக்கே விழித்து, நெஞ்சு படபடக்க, அன்றைய வேலைகளை எண்ணியபடி கிடக்கிறேன். (ஆசிரியை, வயது 46)

பதில்: நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும், உடலை விழிப்புக்குத் தயார்படுத்தும் கார்டிசால் என்னும் ஹார்மோன், பின்னிரவில் மெல்ல ஏறத் தொடங்கி, கண் விழித்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. அந்த நேரத்தில் உறக்கமும் ஆழம் குறைந்துவிடுவதால், பகலில் தள்ளிப்போட்ட கவலைகள் நம்மை எளிதாக எழுப்பிவிடுகின்றன. விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று தோன்றியும் உறக்கம் வரவில்லையென்றால் எழுந்துபோய், மங்கலான வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடாமலிருக்க, அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் 1972இல் வகுத்த முறை இது.

இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம், மறுநாள் வேலைகளைத் தாளில் எழுதியும் பாருங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். அவர்கள் இளவயதினர் என்பதையும், ஆய்வு படுத்தவுடன் உறங்குவதைப் பற்றியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் செலவில்லாத முயற்சி. ‘விடைத்தாள் திருத்த வேண்டும்’ என்று எழுதாமல், ‘ஒன்பதாம் வகுப்பு, 40 தாள், வியாழன் மாலை’ என்று எழுதுங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் கால மாற்றங்கள், தைராய்டு, இரத்தசோகை ஆகியவையும் இப்படி எழுப்பக்கூடும் என்பதால், ஒருமுறை மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் குழுவுடன் வேலை. இரவு எட்டு மணிக்கு ஒரு காபி குடித்தால்தான் ஓடுகிறது. இது தவறா?

பதில்: தவறு என்று சொல்லமாட்டேன், கணக்கைச் சொல்கிறேன். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கும் மேல் உறக்கம் குறைந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு டம்ளர் காபியில் அவ்வளவு இராதுதான். ஆனால் மாலை ஐந்து மணி ஃபில்டர் காபியை விட முடியாமல் பல ஆண்டுகள் தூக்கத்தைக் குறை சொன்னவன் என்ற முறையில், இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள் என்கிறேன்.

கேள்வி: பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரைத் தனியாகக் கவனிக்கிறேன். எனக்கென்று நேரம் எடுத்துக்கொண்டால் சுயநலம் என்று உறுத்துகிறது.

பதில்: அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வொன்றைச் சொல்கிறேன். மறதிநோயுள்ள உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அத்தகைய சுமையில்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் ஏற்படுத்தி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 39 நாளில் ஆறிய காயம், பராமரிப்பவர்களுக்கு ஆற ஏறத்தாழ 49 நாள் ஆயிற்று. நீங்கள் ‘களைப்பு’ என்று ஒதுக்குவது தோலில்கூடத் தெரிகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்களிடம் சுயநலம் எதையும் நான் காணவில்லை. காண்பதெல்லாம் மாற்று ஆள் இல்லாத ஒரு வேலையை. ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் எவரும் வருவதில்லை. ‘ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நீங்கள் இருங்கள், பத்து மணிக்கு இந்த மாத்திரை, பதினொன்றுக்கு இந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள்’ என்று கணவரிடமோ நாத்தனாரிடமோ எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டை விட்டு வெளியே செல்லுங்கள். அதே வீட்டின் அடுத்த அறையில் இருந்தால் ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து ஓடுவீர்கள்.

கேள்வி: மூச்சுப்பயிற்சியால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடி, விடும்போது குறைவது, மூளையிலிருந்து இதயத்துக்குச் சென்று துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் வேலை. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். தலைசுற்றினால் மிக ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள்.

கேள்வி: அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரை எடுக்கலாமா?

பதில்: சிறிய ஆய்வுகள் ஓரளவு பலனைக் காட்டுகின்றன. ஆனால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளும் தைராய்டு மருந்து எடுப்பவர்களும் கடையில் தாமாக வாங்கி உண்ண வேண்டாம்.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: சோர்வும் ஆர்வமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் போங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416, இலங்கையில் 1926, இரவிலும் அழைக்கலாம்.