முடியுருநாடி புறப்படும் இடம் மாறும்போது: கேள்வி பதில்

கேள்வி (பொகவந்தலாவை, ஒரு தாய்): என் மகளுக்கு மூன்று மாதம். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, முகம் வெளிறி, வீறிட்டு அழுகிறாள். வயிற்று வலி என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம், அம்மா. ஒருநாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடுமே என்ற தயக்கம் தோட்டத்தில் எவ்வளவு பெரியது என்பதை நான் அறிவேன். ஆயினும் இன்றே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இந்த அறிகுறிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிக அரியதும் தவறவிடக் கூடாததும், இதயத் தசைக்கு இரத்தம் தரும் இடது முடியுருநாடி, உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாடியிலிருந்து கிளைக்காமல் நுரையீரல் நாடியிலிருந்து கிளைப்பதாகும். பிறந்த முதற்சில வாரங்களில் நுரையீரல் நாடியின் அழுத்தம் உயர்ந்திருப்பதால் குழந்தை நலமாகவே தோன்றும். அழுத்தம் இறங்கியதும், வலது முடியுருநாடியிலிருந்து இணைப்புக் குழாய்கள் வழியே வரும் இரத்தம் இதயத் தசையைச் சேராமல் நுரையீரல் நாடிக்குள் வடிந்துவிட, பால் குடிப்பதே அத்தசைக்குத் தாங்க முடியாத உழைப்பாகிறது. எக்கோவில் (இதயத்தின் ஒலியலைப் படத்தில்) விரிந்த இடது கீழறையும் கசியும் வால்வும் மட்டும் கண்ணில் பட்டு, இதயத் தசை நோய் என்று கருதப்படுவதும் உண்டு. ஆகவே முடியுருநாடிகள் இரண்டும் எங்கிருந்து புறப்படுகின்றன, இடது நாடியில் இரத்தம் எத்திசையில் ஓடுகிறது என்பதையும் பார்க்கும்படி கேளுங்கள். ஈசிஜியில் (இதய மின்பதிவில்) ஏவிஎல் எனப்படும் தடத்தில், கியூ எனப்படும் கீழ்நோக்கிய அலை ஆழமாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

உறுதியானால் மருந்து மட்டும் போதாது. நாடியின் வாயைச் சுற்றிலுமுள்ள சுவரோடு வெட்டியெடுத்துப் பெருநாடியில் தைப்பார்கள். நாடி பெருநாடியை எட்டாதபோது, 1979இல் ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் தக்கேயுச்சி விவரித்த முறைப்படி, நுரையீரல் நாடிக்குள்ளேயே ஒரு பாதை அமைப்பதுண்டு. சிறுவர் இதய சத்திரசிகிச்சை கொழும்பு லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலையில் செய்யப்படுகிறது. காலத்தோடு செய்தால் தசை பெரும்பாலும் மீள்கிறது.

கேள்வி (தலவாக்கலை, ஓர் ஆசிரியர்): விளையாட்டுப் போட்டியில் ஓடிக்கொண்டிருந்த மாணவன் மயங்கி விழுந்தான். ஈசிஜி சரியாக உள்ளது. மீண்டும் ஓட விடலாமா?

பதில்: இப்போது வேண்டாம், சேர். ஓடி முடித்து நின்றபின் மயங்குவதைவிட, ஓடும்போதே விழுவது மிகுந்த கவலைக்குரியது. இதற்கு ஒரு காரணம் முடியுருநாடி புறப்படும் இடம் மாறியிருப்பது: இடது முடியுருநாடி, பெருநாடியின் அடியிலுள்ள வலப்பக்கக் குழியில் தோன்றி, பெருநாடிக்கும் நுரையீரல் நாடிக்கும் நடுவே, சிலருக்குப் பெருநாடியின் சுவருக்குள்ளேயே செல்லும். ஓய்விலும், சில வேளை ட்ரெட்மில் சோதனையிலும்கூட, ஈசிஜி இயல்பாகவே இருக்கும். எக்கோவும் சிடி ஸ்கேன் படமும் நாடி புறப்படும் இடத்தைக் காட்டும். இதயத் தசைத் தடிப்பு, இதய மின்னோட்டக் கோளாறு ஆகியவற்றையும் இதய வைத்தியர் தேடுவார். சுவருக்குள் செல்லும் நாடியாயின், அப்பகுதியை உட்புறமாகத் திறந்து வாயை அகலப்படுத்துவதே வழக்கமான சத்திரசிகிச்சை.

கேள்வி (நுவரெலியா, ஒரு தந்தை): மகனுக்கு நாடியை மாற்றித் தைத்தாயிற்று. இனிக் கிளினிக் தேவையா?

பதில்: தேவை, ஐயா. தைத்த இடம் ஒடுங்குகிறதா, வால்வின் கசிவு குறைகிறதா என்று பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். சத்திரசிகிச்சை அறிக்கையின் பிரதியொன்றை வீட்டில் வைத்து, ஒவ்வொரு தடவையும் கொண்டுசெல்லுங்கள்.